குமிழிக்கு வெயில் ஆகாது

1922 ஏப்ரல் 18ஆம் தேதி. கேப் வெர்ட் தீவுகளின் பிரையாவிலிருந்து கிளம்பிய ஒரு கடல்விமானம் அட்லாண்டிக்கின் நடுவே ஒரு பாறையைத் தேடிப் பறந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் சகாதுரா கப்ரால், வழி சொன்னவர் காகோ கோத்தின்யூ. இருவரும் போர்த்துகீசியக் கடற்படை அதிகாரிகள். லிஸ்பனிலிருந்து ரியோ டி ஜெனீரோவுக்குத் தென் அட்லாண்டிக்கை முதன்முதலாக வான்வழியே கடக்கும் பயணம் அது. தேடிய இடத்தின் பெயர் புனித பீட்டர், புனித பால் பாறைகள். சுமார் 1,700 கிலோமீட்டர் வெறும் தண்ணீருக்கு அப்பால், கடல் மட்டத்துக்கு மேல் 18 மீட்டர்கூடத் தேறுமா என்று கேட்கும்படியான, மொத்தத்தில் சில நூறு மீட்டர் அகலமே உள்ள கற்குவியல். பதினொரு மணி நேரத்துக்கும் மேல் பறந்து, பெட்ரோல் வற்றும் தறுவாயில் பாறைகள் கண்ணில் பட்டன. காத்திருந்த ‘ரிபப்ளிகா’ போர்க்கப்பலும் பட்டது. இறங்கும்போது மிதவை உடைந்து விமானம் மூழ்கியதும், பிறகு இன்னும் இரண்டு விமானங்களை வரவழைத்து ஜூன் 17 அன்று ரியோ போய்ச் சேர்ந்ததும் தனிக் கதை.

கோத்தின்யூவின் கையில் இருந்தது மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்த செக்ஸ்டண்ட்தான். அதில் அவர் கூட்டிச் சேர்த்தது, கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தின் பங்காளி ஒன்றை: ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் திரவம், திரவத்தில் ஒரு குமிழி. குமிழி எங்கே நிற்கிறது என்பது சிறிய கண்ணாடிகள் வழியாகச் சூரியனின் பிம்பத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியும்படி அமைத்திருந்தார். இதற்கு முன் சாவோ தோமே தீவில் நில அளவைப் பணிக்குத் தலைமை தாங்கியவர் அவர்; பூமத்திய ரேகை அங்குள்ள ரோலஸ் என்ற குட்டித் தீவின் வழியே போகிறது என்று அளந்து காட்டியவர். தரையில் நின்று குமிழி பார்த்துப் பழகிய கண், அதை விமானத்தில் ஏற்றியது.

ஏன் ஏற்ற வேண்டும்? செக்ஸ்டண்ட் அளப்பது ஒரே ஒரு கோணம்: அடிவானத்துக்கு மேல் சூரியனோ நட்சத்திரமோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அந்தக் கோணத்தில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால், வரைபடத்தில் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர், பிசகும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அடிவானம் கத்தியால் கீறியதுபோல் தெரியும். விமானத்தில் இருப்பவருக்கோ ஆயிரம் மீட்டர் உயரத்திலேயே அது கிட்டத்தட்ட ஒரு பாகை கீழே இறங்கிவிடுகிறது. உயரம் சரியாகத் தெரியாவிட்டால் அந்த இறக்கமும் சரியாகத் தெரியாது. மேகம் வந்தால் அடிவானமே கிடையாது, இரவிலும் கிடையாது. ஆகவே அடிவானத்தைக் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த ஆசை விமானத்தைவிடப் பழையது. 1730களிலேயே ஜான் எல்டன் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் கோணமானியில் ரசமட்டம் பொருத்திப் பார்த்தார். அதே பத்தாண்டில், செக்ஸ்டண்டின் முன்னோடிக் கருவியைச் செய்த ஹேட்லியும் இதே யோசனையைச் சொன்னார். கப்பலின் ஆட்டத்தில் குமிழி தறிகெட்டு ஓடியது. மாலுமிகள் பழைய வழிக்கே திரும்பினார்கள். பலூன் வந்த பிறகு குமிழிக்கு மறுபடி மவுசு வந்தது, ஏனென்றால் காற்றோடு காற்றாகப் போகும் பலூனில் உலுக்கல் குறைவு. கண்டப் பெயர்ச்சியைப் பேசிப் பின்னால் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் வெகனர், 1906 ஏப்ரலில் அண்ணன் கூர்ட்டுடன் பலூனில் 52 மணி நேரத்துக்கும் மேல் மிதந்தார். அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று, குமிழி பொருத்திய கோணமானியை வைத்து வானத்திலிருந்தே இடம் கணிக்க முடியுமா என்று சோதிப்பது. 1919 மே மாதம் அமெரிக்கக் கடற்படையின் என்சி-4 விமானம் அஸோர்ஸ் வழியாக லிஸ்பன் வந்து சேர்ந்தபோது, அந்தக் குழுவுக்காக ரிச்சர்ட் பேர்ட் உருவாக்கிய குமிழி செக்ஸ்டண்ட் பயன்பாட்டில் இருந்தது. பேர்டை அந்தப் பயணத்தில் கூட்டிப்போகவில்லை. அவர் கருவி மட்டும் போனது.

இத்தனை பேரும் நம்பிய குமிழிக்கு ஒரு வியாதி இருந்தது. அதற்குச் சூடு ஆகாது.

ரசமட்டத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர் பிரான்சின் மெல்கிசெதெக் தெவெனோ. ஆண்டு 1661 வாக்கில். ஏறக்குறைய அதே காலத்தில்தான் இத்தாலியில், ஃபிளாரன்ஸில், கண்ணாடிக் குழாயில் சாராயத்தை அடைத்து வெப்பமானி செய்துகொண்டிருந்தார்கள். வெப்பமானிக்காரர்கள் சாராயத்தை விரும்பியதற்குக் காரணம் அது சூடு பட்டால் தாராளமாக விரியும் என்பது. ரசமட்டக்காரர்கள் விரும்பியதற்குக் காரணம் வேறு: எளிதில் உறையாது, கண்ணாடியில் நன்றாகப் படரும், தண்ணீர்போல் குமிழியைப் பிடித்து இழுத்து மக்கர் பண்ணாது. ஆனால் திரவம் வாங்கும்போது நல்ல குணத்தை மட்டும் தனியே வாங்க முடியாதே. எத்தில் ஆல்கஹால் ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் கனஅளவில் சுமார் ஆயிரத்தில் 1.1 பங்கு விரிகிறது. 20 டிகிரியில் தண்ணீர் விரிவதைப்போல் ஐந்து மடங்கு, பாதரசத்தைப்போல் ஆறு மடங்கு. அதைச் சுற்றியுள்ள கண்ணாடி விரிவது இதில் நூறில் இரண்டு மூன்று பங்குகூட இல்லை. ஆக, மட்டம் பார்க்கச் செய்த கருவி பிறந்த நாளிலிருந்தே ஒரு வெப்பமானியாகவும் இருந்துவந்திருக்கிறது.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். பத்து மில்லிலிட்டர் கொள்ளும் குழாயில் ஒன்பது மில்லி ஆல்கஹால், ஒரு மில்லி குமிழி என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை 15 டிகிரியில் இருந்த கருவி மதிய வெயிலில் 45 டிகிரியைத் தொட்டால், திரவம் சுமார் 0.3 மில்லி பெருகும். அது போய் உட்கார வேறு இடம் இல்லை. குமிழியின் இடத்தைத்தான் தின்ன வேண்டும். குமிழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி. பனியில் எதிர்த் திசையில் நடக்கும்: திரவம் சுருங்க, குமிழி நீண்டு குழாயின் முனைகளை முட்டும், முட்டிவிட்டால் பிறகு அது எதையும் காட்டாது.

கொத்தனார் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. குமிழி பெரிதோ சிறிதோ, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றால் போதும். அவருடைய அலட்சியம் நியாயமானது. குமிழியின் இரண்டு முனைகளும் ஒரே அளவு உள்ளே வந்தால் நடுப்புள்ளி நகர்வதில்லை. வானியலாளர்கள் செய்ததும் இதேதான்: இரண்டு முனைகளையும் படித்துச் சராசரி எடுத்தார்கள். 1908 வாக்கில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஹைன்ரிஷ் வில்ட் இதை ஒரே பார்வையில் அடக்கினார். பட்டகங்களை வைத்து, குமிழியின் இரண்டு முனைகளின் பாதிப் பாதிப் பிம்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தார். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு முழு வளைவானால் குமிழி நடுவில் இருக்கிறது. நீளம் எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழாது. கருவி வரலாற்றில் இதைவிடச் சாமர்த்தியமான ஒதுங்கல் அதிகம் இல்லை. வெப்பத்தோடு சண்டை போடாமல், வெப்பம் கெடுக்கும் அளவைப் படிப்பதையே அவர் நிறுத்திவிட்டார்.

ஆனால் இது முழுத் தீர்வு அல்ல. குழாயின் உட்பக்கம் நேரானது அல்ல. மேல்நோக்கி மிக லேசாக வளைந்த பீப்பாய் வடிவம். அந்த வளைவில்தான் கருவியின் நுட்பம் முழுதும் இருக்கிறது. குமிழி இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் சாய்வு 20 விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை) என்று காட்டும் குழாய்க்கு வளைவின் ஆரம் சுமார் 20.6 மீட்டர். ஒரு விகலையைக் காட்ட வேண்டுமானால் ஆரம் 412 மீட்டர். அப்படிப்பட்ட குழாயை ஒரு சாண் நீளத்துக்குள் அடக்கி, அதில் 10 சென்டிமீட்டர் தூரத்துக்கு வளைவு எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தால், மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. இதைக் கண்ணாடிக் குழாயின் உள்ளே குருந்தத்தூள் பூசிய கம்பியைச் செலுத்தித் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தார்கள். பிறகு ஒரு முனையில் நுண்திருகு வைத்த நீண்ட சட்டத்தின்மேல் வைத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் குமிழி சீராக நகர்கிறதா என்று சோதித்தார்கள். எவ்வளவு தேய்த்தாலும் வளைவு முழுக்க ஒரே ஆரம் கிடைப்பது அரிது. குமிழி சுருங்கினால் அதன் முனைகள் வளைவின் வேறு பகுதிக்கு வந்துவிடும், அங்கே ஒரு கோட்டின் மதிப்பே வேறாக இருக்கும். அதனால்தான் நல்ல வானியல் குழாய்களில் ஒரு முனையில் தடுப்புச் சுவர் வைத்து, அதன் அடியில் சிறு துளை விட்டு, ஒரு சேமிப்பு அறை கட்டினார்கள். குமிழி சிறுத்துப் போனால் குழாயைச் சாய்த்து அறையிலிருந்து கொஞ்சம் வளி வரவழைக்கலாம், பெருத்துப் போனால் திருப்பி அனுப்பலாம். இன்னொரு வழி, குழாய்க்குள் ஒரு கண்ணாடிக் கோலைப் போட்டு மூடுவது. கோல் அடைத்துக்கொள்ளும் இடத்தில் திரவம் இருக்காது. திரவம் குறைந்தால் விரிவும் குறையும். யோசித்தவர் யாராக இருந்தாலும் சிக்கனத்தில் கெட்டிக்காரர்.

இதுவரை சொன்னது கருவி முழுதும் ஒரே சீராகச் சூடாகும்போது நடப்பது. அது கண்ணுக்குத் தெரியும் கோளாறு. குமிழி சிறுத்தால் யாரும் கவனிப்பார்கள். விஷமத்தனமானது இன்னொன்று. குழாயின் ஒரு முனை மட்டும் மற்றதைவிட இம்மி சூடானால், குமிழி சூடான பக்கம் நகரும். சட்டம் அசையவில்லை, தரை அசையவில்லை, குமிழி மட்டும் போகும். பார்ப்பவர் கருவி சாய்ந்துவிட்டது என்று நினைத்துத் திருகைத் திருப்புவார், சரியாக இருந்ததைக் கெடுப்பார்.

காரணம் திரவத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. சூடு ஏறினால் பரப்பு இழுவிசை குறையும். குமிழியின் சூடான பக்கத்தில் பிடி தளர்ந்திருக்க, குளிர்ந்த பக்கம் வலுவாக இழுக்கிறது. குமிழியைச் சுற்றியுள்ள திரவப்படலம் குளிர்ந்த பக்கமாக வழுகிப் போக, அதன் எதிர்வினையாகக் குமிழி சூட்டை நோக்கித் தள்ளப்படுகிறது. யங், கோல்ட்ஸ்டீன், பிளாக் என்ற மூவர் 1959இல் இதை அழகாக நிரூபித்தார்கள். திரவத்தை அடியிலிருந்து சூடாக்கி, தானாக மேலே எழ வேண்டிய சிறு குமிழிகளை எழவிடாமல் அந்தரத்தில் நிறுத்தினார்கள். சூட்டைக் கூட்டிக் கீழேயே இறக்கவும் செய்தார்கள். மிதப்பு விசையையே மடக்கும் வலு இதற்கு உண்டு என்றால், கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, எந்தப் பக்கமும் போகத் தயாராக நிற்கும் ரசமட்டக் குமிழியை அது என்ன பாடு படுத்தாது?

நில அளவைக்காரர்களுக்கு 1959 வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. துல்லிய மட்ட அளவை செய்யும் குழுவில் குடை பிடிக்க ஓர் ஆள் இருப்பார். குடை அதிகாரிக்கு அல்ல, கருவிக்கு. இந்திய சர்வேயின் மட்ட அளவைக் குழுக்களுக்கும் அந்தக் குடை இல்லாமல் ஆகாது. குழாயைக் கையால் தொடக் கூடாது, அதன் பக்கம் மூச்சு விடக் கூடாது, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் படிக்காமல் சுற்றுப்புறச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். உலோகமும் சும்மா இருப்பதில்லை. பித்தளை கண்ணாடியைப்போல் இரண்டு மடங்கு விரியும். பித்தளைக் கூட்டுக்குள் குழாயை இறுக்கி வைத்துப் பாரிஸ் சாந்து பூசினால், குளிரில் கூடு அதிகம் சுருங்கிக் குழாயை நெருக்கி, அந்த மூன்று மைக்ரான் வளைவையே மாற்றிவிடும். 1900இல் அமெரிக்கக் கடலோர அளவைத் துறை கொண்டுவந்த ஃபிஷர் மட்டக்கருவி இதற்கு ஒரு நேர்மையான பதில். அதன் தொலைநோக்கியை விரிவு மிகக் குறைந்த நிக்கல்-இரும்புக் கலவையில் செய்தார்கள். குமிழிக் குழாயை வெளியே தொங்கவிடாமல் தொலைநோக்கியின் உடலுக்குள்ளேயே புதைத்தார்கள். இன்வார் எனப்படும் அவ்வகைக் கலவையை ஷார்ல் எத்வார் கியோம் கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உலோகம் விரியாமல் இருப்பதற்காக ஒரு நோபல் என்பதைப் பற்றிச் சிரிப்பவர்கள் இந்தக் குழாயை ஒரு நாள் வெயிலில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

தரையில் இவ்வளவு பத்தியம். ஆகாயத்தில்?

அங்கே குடை பிடிக்க ஆள் இல்லை. வழி கணிக்கும் நேவிகேட்டர் கருவியைக் கையிலேயே பிடித்திருக்கிறார். 30 டிகிரி வெயிலில் ஓடுதளத்தை விட்ட விமானம் ஆறாயிரம் மீட்டர் ஏறினால், பாடப்புத்தக வளிமண்டலத்தில் வெளியே மைனஸ் 24 டிகிரி. போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களில் உள்ளேயும் ஏறக்குறைய அதே குளிர்தான். குமிழி வேறு இங்கே நீளக் குழாயில் இல்லை. விரல் நுனி அளவுள்ள வட்ட அறையில், மேல்மூடியான குழிந்த கண்ணாடியின் அடியில் மிதக்கிறது. அந்தக் குழிவின் ஆரமும் முன்னால் உள்ள வில்லையின் குவியத் தூரமும் சமமாக இருக்கும்படி செய்திருப்பார்கள். இது நுட்பமான ஏற்பாடு: கருவி கையில் சற்று ஆடினாலும் குமிழியின் பிம்பமும் நட்சத்திரத்தின் பிம்பமும் ஒரே அளவு நகரும், ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். நடுவில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நட்சத்திரம் குமிழிக்குள் இருந்தால் போதும்.

ஆனால் அறை சின்னதாகவும் குமிழி அதைவிடச் சின்னதாகவும் இருப்பதால் விரிவின் கணக்கு கடுமையாகிறது. இரண்டு மில்லி திரவம் கொள்ளும் அறை என்று வைத்தால், 54 டிகிரி இறக்கத்தில் திரவம் 0.1 மில்லிக்குச் சற்று மேல் சுருங்கும். ஆறு மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள குமிழியின் மொத்தக் கனஅளவே 0.03 மில்லிக்குள்தான். ஆக, தரையில் அளவாக இருந்த குமிழி மேலே போனதும் நான்கைந்து மடங்காகப் பெருத்து அறையை நிறைத்துவிடும். மேலே அளவாக வைத்தால் கீழே வரும்போது காணாமல் போகும். காணாமல் போவதோடு கதை முடிவதும் இல்லை. குமிழி இல்லாமல் திரவம் முட்ட நிறைந்த, சுவர் வளையாத அறையில், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் சுமார் பத்து வளிமண்டலம் கூடும். கண்ணாடி வெடிக்க வேண்டும், அல்லது மூட்டில் கசிய வேண்டும்.

ஃபார்ன்பரோவில் இருந்த பிரிட்டிஷ் அரசு விமான ஆய்வு நிலையத்தில் எல். பி. பூத் என்பவர் வடிவமைத்த குமிழி செக்ஸ்டண்ட் இதற்குக் கண்ட வழி, அறையின் ஒரு சுவரை வளைய விடுவது. மெல்லிய உலோகச் சவ்வு ஒன்று திரவத்தைத் தாங்கி நிற்கிறது. அதன் பின்னால் ஒரு திருகு, திருகின் குமிழ் வெளியே நேவிகேட்டரின் விரலுக்கு எட்டும் இடத்தில். திருகைத் தளர்த்தினால் சவ்வு பின்வாங்கும், அழுத்தம் குறையும், குமிழி பிறக்கும் அல்லது வளரும். இறுக்கினால் சிறுக்கும். பின்னால் வந்த பிரிட்டிஷ் மார்க் 9, அமெரிக்காவின் ஏ-10, லிங்க் ஏ-12 போன்றவை ஒவ்வொன்றும் தத்தம் பாணியில் இதே ஏற்பாட்டைச் செய்தன. அமெரிக்கக் கருவிகள் சிலவற்றில் திரவம் ஆல்கஹால் அல்ல, சைலீன்; பெயிண்ட் கடை வாசனை அடிக்கும் அதே கரைப்பான்.

கப்பல் திசைகாட்டி செய்பவர்களுக்கு இந்தச் சவ்வு பழைய சங்கதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்டனின் எட்வர்ட் ரிட்சி போன்றவர்கள் திசைகாட்டியைத் திரவத்தில் மிதக்கவிட்டபோது, குளிரில் திரவம் சுருங்கிக் கண்ணாடிக்கு அடியில் குமிழி வந்து தொல்லை தந்தது. அதைப் போக்க அடியில் நெளிவுத் தகடு வைப்பது வழக்கமாயிற்று. திசைகாட்டிக்காரர் குமிழி வராமல் இருக்கச் செய்த உபாயத்தை செக்ஸ்டண்ட்காரர் குமிழி சரியான அளவில் வருவதற்காக எடுத்துக்கொண்டார்.

திருகு இருக்கிறதென்றால் யாராவது அதைத் திருப்ப வேண்டும். இங்கேதான் தரைக் கருவிக்கும் வான் கருவிக்கும் மனப்போக்கே மாறுகிறது. ஃபிஷரின் கருவி ஆளை நம்பாமல் உலோகத்தை நம்பியது. பூத்தின் கருவி ஆளை நம்பியது. ஒவ்வொரு முறை பார்ப்பதற்கு முன்னும் நேவிகேட்டர் குமிழியைப் பார்த்து, பெரிதாகிவிட்டதா சிறுத்துவிட்டதா என்று தீர்மானித்து, கையுறைக்குள் மரத்துப்போன விரலால் திருகைத் தொட வேண்டும். மிகச் சிறிய குமிழி மந்தமாக ஒட்டிக்கொள்ளும். மிகப் பெரியது அலைபாயும், அதன் நடு எது என்று கண்ணால் மதிப்பிடுவதும் சிரமம். வரும் வழியில் கருவி குளிர்ந்துகொண்டே இருந்தால், முதல் நட்சத்திரத்துக்கு வைத்த அளவு மூன்றாம் நட்சத்திரத்துக்குச் செல்லாது. கையைப் பழக்கிவிட்டால் இது பல் தேய்ப்பதுபோல் ஆகிவிடும் என்று சொல்லலாம். மைனஸ் இருபதில் யாரும் அப்படிப் பல் தேய்த்ததில்லை.

துல்லியம் பார்ப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். விகலைக்காகக் குடை பிடித்த மரபு எங்கே, திருகைக் குத்துமதிப்பாகத் திருப்பும் இந்த ஏற்பாடு எங்கே? ஆனால் விமானத்தில் குமிழியைக் கெடுப்பதில் வெப்பம் முதல் குற்றவாளி அல்ல. குமிழிக்குப் புவியீர்ப்பும் விமானத்தின் வேக மாற்றமும் ஒன்றுதான். இரண்டையும் கூட்டித்தான் அது ‘மேல்’ எது என்று முடிவு செய்கிறது. நூறு விநாடியில் விமானத்தின் வேகம் மணிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் சீராகக் கூடினாலும், அந்த நேரத்தில் குமிழி ஒரு கலை பிசகும், ஒரு கடல் மைல் போய்விடும். வளைந்து திரும்பினால் பாகைக் கணக்கிலேயே பிசகும். ஐந்து, பத்து கடல் மைலுக்குள் இடம் கிடைத்தாலே நல்ல வேலை என்று மெச்சினார்கள். அந்த இரைச்சலில் ஒரு விகலைக் குறை யாருக்குக் கேட்கப் போகிறது? ஆகவே வான் கருவியில் வெப்பக் கட்டுப்பாடு என்பது அளவின் கடைசி இலக்கத்தைக் காப்பாற்றுவதற்காக அல்ல. குமிழி என்ற ஒன்று கண்முன் இருக்க வேண்டும், பயன்படும் அளவில் இருக்க வேண்டும், அறை உடையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. பூத்தின் திருகு அதைச் செய்தது. அதற்கு மேல் செய்ய முயலாததில்தான் அந்த வடிவமைப்பின் பக்குவம் இருக்கிறது.

ஆட்டத்தைச் சமாளிக்கப் பின்னர் சராசரிப் பொறிமுறை வந்தது. இரண்டு நிமிடம் நட்சத்திரத்தைக் குமிழியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால், கருவி இடையிடையே கோணங்களைக் குறித்து, சராசரியைக் கொடுக்கும். முன்னும் பின்னும் ஆடும் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே பக்கமாக இழுக்கும் பிழை தின்னப்படாது. உள்ளங்கையின் சூடோ, இரவில் குமிழியைக் காட்ட எரியும் சிறு பல்போ அறையின் ஒரு பக்கத்தைத் தொடர்ந்து சூடாக்கினால், அறுபது முறை அளந்தாலும் அறுபதும் அந்தப் பக்கமே சாயும். நல்லவேளை, அறை சின்னது. அதற்குள் பெரிய வெப்ப வேற்றுமை நிலைத்து நிற்க இடம் இல்லை. சின்னதாக இருந்ததால் வந்த சிக்கலுக்கு ஈடாகக் கிடைத்த ஒரே லாபம் இது.

விமானங்கள் உயர உயரப் போய், உள்ளே அழுத்தம் ஏற்றப்பட்ட பிறகு, செக்ஸ்டண்ட் பெரிஸ்கோப் ஆனது. கூரையில் ஒரு துளை, அதன் வழியே நீளும் குழல். 11 கிலோமீட்டர் உயரத்தில் குழலின் நுனி மைனஸ் 56 டிகிரியில், கண் வைக்கும் முனை வீட்டுக் கூடம்போன்ற சூட்டில். குமிழி அறை உள்ளே பத்திரமாக இருந்தது. சி-130, பி-52 போன்றவற்றில் இவை நெடுங்காலம் நீடித்தன. ஆரம்பகால 747களின் கூரையிலும் அந்தத் துளை இருந்தது. இன்று ஏலத்தில் கிடைக்கும் பழைய குமிழி செக்ஸ்டண்ட்களில் பலவற்றைத் திறந்தால் அறை வறண்டு கிடக்கிறது. எத்தனையோ கோடைகளும் குளிர்களும் மாறி மாறிச் சவ்வை இழுத்ததில் மூட்டு கசிந்து, சைலீன் ஆவியாகிப் போயிருக்கும்.

இப்போது சாய்வு சொல்வது கைப்பேசிக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு. அதற்குள் மயிரிழையிலும் மெல்லிய எடையொன்று சிலிக்கான் வில்களில் தொங்குகிறது. எடை எவ்வளவு இழுபடுகிறது என்பதை மின்சாரத்தால் அளக்கிறார்கள். சூடு அதையும் விடவில்லை. சாதாரணச் சில்லுகளின் பூஜ்ஜியம் ஒரு டிகிரிக்குப் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட நகரலாம். கோணத்தில் அது மூன்று கலைக்கு மேல், செக்ஸ்டண்ட்காரரின் கணக்கில் மூன்று கடல் மைலுக்கு மேல். உயர்ரகச் சில்லுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வெப்ப உணரியை வைத்து, எந்தச் சூட்டில் எவ்வளவு பிசகு என்ற அட்டவணையைத் தொழிற்சாலையிலேயே எழுதி அனுப்புகிறார்கள். கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் திரையில் பச்சை நிறத்தில் ஒரு குமிழி நீந்துகிறது. அது வெறும் படம். சார்ஜ் ஏறிக் கைப்பேசி கொதித்தாலும் சுருங்காது, குளிர்ந்தாலும் நீளாது. பழைய குமிழி சிறுத்துக் காட்டித் தனக்குச் சூடு ஏறியிருப்பதை ஒப்புக்கொள்ளும். இது ஒப்புக்கொள்ளாது. அலமாரியோ சுவர்க்கடிகாரமோ மாட்டுகிறவர் பழைய நில அளவைக்காரர்களின் வழக்கத்தையே கையாளலாம்: கைப்பேசியை மேசையில் வைத்து ஒரு முறை படித்து, அதே இடத்தில் 180 பாகை திருப்பி மறுபடி படித்து, இரண்டையும் கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்துப் பாதியாக்கினால் கருவியின் சொந்தப் பிழை வந்துவிடும். கைப்பேசி ஆறிய பிறகு அந்த எண் மாறியிருக்கும். மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும்.